மீலூதியின் அரிதாள்

மீலூதி ஏரைத் தொடாமல் கோதுமை விதைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் செட்டாத் சந்தையில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னப்பா, கோவேறு கழுதைக்கு ஓய்வு குடுத்துட்டியாமே?"

"ஆமா. உன்னை மாதிரி அதுவும் கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும், சாப்பாடே வேண்டாம். மீலூதி அசரவில்லை. அறுவடை முடிந்து நிற்கும் அரிதாளை வயலிலேயே விட்டுவிட்டு, மண்ணைப் புரட்டாமல், கூட்டுறவுச் சங்கத்தின் கருவியால் கீறி விதைத்தான். மேலே தாள் கிடந்தால் கீழே ஈரம் நிற்கும். மழை ஏமாற்றுகிற ஊரில் வேறென்ன செய்வது?

சிக்கல் ஏரால் வரவில்லை, ஆட்டால் வந்தது. அறுவடை முடிந்துவிட்டால் எங்கள் பக்கம் வயல் எல்லோருக்கும் பொது. யார் ஆடும் புகுந்து மேயலாம். தடுப்பது, வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்புவதற்குச் சமம். மீலூதி வயலைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டு, ஆடு வரக்கூடாது என்றான். ஊர் முறைத்ததை அவன் பொருட்படுத்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா ரக்கியாவும் பேச்சை நிறுத்திவிட்டாள். தாயில்லாப் பிள்ளையான அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கணவன் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது ஆடுகள்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவள் அனுப்பும் கூஸ்கூஸ் என்ற ரவைச் சோற்றுத் தட்டும் நின்றுபோனது. அன்றெல்லாம் மீலூதிக்குச் சோறு இறங்குவதில்லை என்று அவன் மனைவி மஹ்ஜூபா என்னிடம் சொல்லி அழுதாள்.

அடுத்த கோடையில் புல் பூண்டெல்லாம் கருகியது. ரக்கியாவின் ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. மீலூதியே போய் அவள் வாசலில் நின்றான். நான் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆட்டை ஓட்டிட்டு வா."

"எதுக்கு? நீ நட்ட கல்லை நக்கவா?"

"தாள் கணுக்கால் உயரத்துக்குக் குறையற வரைக்கும் மேயட்டும். அதுக்குக் கீழே போகக்கூடாது."

"கணுக்கால் எதுன்னு ஆட்டுக்குத் தெரியுமாடா, கழுதை?"

"உனக்குத் தெரியும்ல. ஊர் ஆடும் வரட்டும். எது உள்ளே, எது வெளியேன்னு நீ சொல்றதுதான்."

மறுநாள் காலையில் ரக்கியா கோலோடு வயலில் நின்றாள். அவள் வாய்க்குப் பயந்து ஒருவரும் வரம்பு மீறவில்லை.

தாள் கணுக்காலுக்கு இறங்கிய அன்று ஆடுகளுக்கு இன்னும் பசி தீரவில்லை. ரக்கியாவின் சினையாடு தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மீலூதிக்கே மனம் இளகிவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் மேயட்டும் அக்கா."

"போடா. ஆட்டுக்கு நான் ஏதாவது பண்ணிக்கறேன். உன் மண்ணை யாரு பாத்துக்கறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே, முதலில் தன் சினையாட்டைத்தான் விரட்டினாள்.