வரதன் தோளும் கறுப்புப் பட்டையும்

இல்ல சரசு, நீ சொல்றது தப்பு. வரதன் சாமி தூக்கறதை விட்டதுக்கு அவன் மருமவ காரணம் இல்ல. தெருவே அப்படிப் பேசுதுன்னா தெருவுக்கு வேற வேலை இல்லன்னு அர்த்தம். நடந்தப்ப நான் அந்த ரூம்லயே இருந்தவ. உக்காரு, சொல்றேன். கால் நீட்டிக்கோ, நம்ம வீடுதானே.

பிசியோ காலேஜ்ல நான் ஆயா வேலை பார்த்தேன்ல, அங்க நடந்தது. பெருக்குறது, மெழுகு ஒத்தடம் குடுக்குற சட்டியைக் கழுவுறது, நடக்க முடியாதவங்களைப் புடிச்சு கட்டில்ல ஏத்துறது, இதான் என் வேலை. நல்ல வேலைம்மா. ஃபேனு, ஏசி, சனிக்கிழமை அரை நாளு. அங்க இருந்த சந்தோசம் இப்ப வூட்ல வருமா? அந்தப் பொண்ணுங்க 'ஆயா ஆயா'ன்னு கழுத்தைக் கட்டிக்குங்க.

கடைசி வருஷம் வந்தா அதுங்களுக்கு ஒரு பேய் புடிக்கும். பேப்பர் போடணும். ஒரு நோயைப் பார்த்து, அளந்து, இங்கிலீஷ்ல எழுதி வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பணும். அவங்க ஏத்துக்கினா புஸ்தகத்துல வரும். ஏத்துக்கலன்னா அழுவுங்க. டீ போட்டுக் குடுக்கறது நானு.

வரதனை நான்தான் உள்ள இட்டுக்கினு போனேன். அவன் ஒரு பெருமாள் கோயில்ல ஸ்ரீபாதம். எந்தக் கோயில்னு கேக்காத, உனக்கு எல்லாம் தெரிஞ்சாவணும். சாமி வாகனம் பொறப்பட்டா அதைத் தாங்குற மரத்தண்டைத் தோள்ல வாங்கறவன். வலது தோள்ல காய்ச்சிப் போயி, பாதி விளாம்பழத்தைக் கவுத்து வெச்சாப்ல ஒரு கட்டி. அவன் அதைத் தடவிக்கினே பேசுவான். அவங்க அப்பனுக்கும் இருந்துச்சு. வேற யாருக்காச்சும் இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். இவங்களுக்கு அதுதான் மெடலு.

ஆனா அதுக்கு அடியில வலி. கையைக் காதுக்கு மேல தூக்க முடியல. சட்டை போடறப்ப கண்ணுல தண்ணி வந்துடும்.

"அக்கா, யாருக்கும் தெரியக்கூடாது"ன்னான். "தெரிஞ்சா தண்டுல இருந்து எறக்கிடுவாங்க."

எறக்கத்தான் செய்வாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஒருத்தன் தோள் தளந்தா சாமி சாயும். சாமி சாஞ்சா ஊருக்கு ஆவாதுன்னு ஒரு பயம். அந்தப் பாரம் பக்கத்துல இருக்கிறவன் கழுத்துல எறங்கும், அது ரெண்டாவது பயம்.

நிவேதான்னு ஒரு பொண்ணு, வாலாஜாபாத்ல இருந்து பஸ்ல வரும். மூஞ்சி எலிக்குட்டி மாதிரி இருக்கும், குணம் தங்கம். அதுதான் வரதனுக்கு வைத்தியம் பார்த்துச்சு. கட்டியைப் பார்த்ததும் அது கண்ணு மின்னுச்சு. அவங்க சாரை இட்டாந்துச்சு. சாரு கட்டியை அமுக்கிப் பார்த்துட்டு, "இதை எழுது, இந்த மாதிரி கேஸ் யாரும் போட்டதில்ல"ன்னாரு.

நிவேதா வரதன் கையைப் புடிச்சுக்கினு சொல்லுச்சு. "அண்ணா, உங்க பேரு வராது, ஊரு வராது, கோயிலும் வராது. போட்டோல கண்ணை மறைச்சிடுவோம். ஜர்னல் ரூலே அதான்."

"கண்ணை மறைச்சிட்டா நான்னு தெரியாதா?"

"தெரியாதுண்ணா. சத்தியமா."

அவனும் நம்பினான். நானும் நம்பினேன். நியூஸ் பேப்பர்ல கண்ணை மறைச்சு எத்தனை பேரைப் போடறாங்க, நாம யாரைக் கண்டுபுடிச்சோம்? கையெழுத்துப் போட்டான். சட்டையைக் கழட்டி நின்னான். பின்னாடி பச்சைத் துணியைத் தூக்கிப் புடிச்சது நானு. துணி ஆடுது, நிவேதா "ஆயா ஆடாத, ஆயா ஆடாத"ன்னு கத்துது. போட்டோ ஓரத்துல என் கட்டைவிரல் விழுந்துட்டுது. நானும் வெளிநாடு போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன்.

அப்பால எழுதறாங்க எழுதறாங்க, முடியவே மாட்டேங்குது. எழுதிக் குடுத்தா சாரு செவப்பாக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பறாரு. நீளம் அதிகம், வெட்டு. வெட்டினா விஷயம் பத்தல, சேரு. கடைசியில யார் யார் எழுதினதைப் படிச்சோம்னு ஒரு வரிசை வருதே, ரெஃபரன்ஸ், அதுக்கு ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு மாதிரி கேக்குமாம். இந்த ஜர்னலுக்கு மாத்தி முடிச்சப்ப சாரு, "வேற ஜர்னலுக்கு அனுப்பலாம்"னாரு. மறுபடியும் மொதல்ல இருந்து. காப்பி அடிச்சதான்னு ஒரு மிசின்ல போட்டுப் பாக்கணும். நிவேதா தானே எழுதினதையே காப்பின்னுச்சு அந்த மிசினு. அந்தப் பொண்ணு சோறு துன்றதை மறந்துட்டுது. நான் ரசஞ்சோறு கொண்டாந்து வாயில வெக்கறேன், அது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கினே முழுங்குது.

கெட்டது எப்படி வந்துச்சு பாரு. சாரு கம்ப்யூட்டர்ல படிக்க மாட்டாரு, "பிரிண்ட் எடுத்துக் குடு"ன்னாரு. டிபார்ட்மெண்ட் பிரிண்டர்ல கலர் வராது. நிவேதா சன்னதித் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போச்சு. போட்டோவை முழுப் பக்கத்துக்கு எடுத்துச்சு, கட்டி தெளிவாத் தெரியணும்ல. கண்ணு மேல கறுப்புப் பட்டை போட்டுட்டுது. பேரு இல்ல, ஊரு இல்ல. ரூல்படி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

மிசின்ல இருந்து அந்தத் தாளு வெளிய வருது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். அவனும் ஸ்ரீபாதந்தான், வரதனுக்குப் பின்னாடி தண்டு புடிக்கிறவன்.

"இன்னாபா, நம்ம வரதன் தோளு இங்க வந்துக்கினு இருக்குது?"

அவ்ளோதான் சரசு.

பின்னாடி தூக்கறவன் முன்னாடி போறவன் மூஞ்சியையா பாக்கறான்? ராத்திரியும் பகலுமா அவன் கண்ணுக்கு நேரா இருக்குறது தோளு ஒண்ணுதான். அவங்களுக்குள்ள ஆளைக் கண்டுக்கறதே அப்படித்தான். பந்தத்து வெளிச்சத்துல தோளைப் பார்த்தே பேரு சொல்லிக் கூப்புடுவாங்களாம். நாங்க கண்ணை மறைச்சிட்டு அவன் மூஞ்சியை முழுப் பக்கம் கலர்ல போட்டாப்ல ஆயிட்டுது. அதுக்கு அடுத்த தாள்லயே இருக்குது, கை எவ்ளோ தூரம் ஏறும், எங்க நிக்கும்னு அம்புக்குறி போட்ட படம். அதைப் புரிஞ்சிக்கப் படிப்பு எதுக்கு?

சாயங்காலமே சேதி போயி, ஸ்ரீபாதக்காரங்க மூத்தவரு வரதனைக் கூப்ட்டு, "கையைத் தூக்குடா"ன்னாரு. இவன் தூக்கினான். அது காது வரைக்கும் போயி நின்னுடுச்சு. அவரு ஒண்ணியும் திட்டல. "இந்த வருஷம் நீ தீவட்டி புடி வரதா"ன்னாரு, அவ்ளோதான். திட்டியிருந்தாக்கூட வரதன் தாங்கியிருப்பான்.

நிவேதா ஒரு நாள் முழுக்க ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதுச்சு. "படத்தை எடுத்துடறேன் சார்"னுச்சு. சாரு, "படம் இல்லாம இதுல இன்னாம்மா இருக்குது? பேப்பரே அந்தப் படந்தான்"னாரு. நான் பாட்டுக்கு மெழுகுச் சட்டியைத் தேய்ச்சுக்கினு இருந்தேன், தேய்ச்ச சட்டியையே தேய்ச்சுக்கினு.

அன்னிக்கு வரதனே வந்தான். திட்ட வரான்னு நெனச்சேன். நாற்காலி போட்டா உக்காரல.

"போடும்மா"ன்னான். "எதுக்காவ மறைச்சியோ அது போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு செய்யி. கண்ணு மேல இருக்குற கறுப்பை எடுத்துடு. பேரும் போடு. எங்க அப்பா, தாத்தா எல்லாம் தூக்கினாங்க, ஒருத்தர் போட்டோவும் இல்ல. என் பேரனாச்சும் பாக்கட்டும்."

நிவேதா சாரு மூஞ்சியைப் பாக்குது. சாரு, "பேரெல்லாம் போட முடியாதுங்க. ரூல் விடாது"ன்னாரு.

வரதன் சிரிச்சான். "யார் பாக்கக்கூடாதுன்னு சொன்னனோ அவன் மொதல்ல பார்த்துட்டான். யார் பாக்கணும்னு சொல்றனோ அவன் பாக்கக்கூடாதா சார்? நல்லா இருக்குதுபா உங்க ரூலு."

அவன் போனப்பறம் சாரு அந்தப் பிரிண்டை எடுத்துப் பார்த்தாரு. "தோளுதான விஷயம்? தலையே வேணாம், கழுத்தோட வெட்டிடு"ன்னாரு. வெட்டிட்டாங்க. வரதன் தலை போச்சு. ஓரத்துல என் கட்டைவிரல் மட்டும் தப்பிச்சுக்கினு நிக்குது.

அனுப்பிட்டாங்க. பட்டனை அமுக்கறப்ப எல்லாரும் கை தட்டுவாங்க, அது வழக்கம். அன்னிக்கு யாரும் தட்டல.

அந்த உற்சவத்துல கருட சேவை அன்னிக்கு நானும் போயி நின்னேன். வரதன் தீவட்டி புடிச்சுக்கினு முன்னாடி நடக்கறான். வாகனம் திரும்பற எடத்துல எல்லாம் அவன் வலது தோளு தானா எறங்கி ஏறுது, தண்டு மேல இருக்குறாப்ல. அவனுக்கே தெரியல போல. நான் பொரியைக் கையில வெச்சுக்கினு அப்படியே நின்னுட்டேன்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஜர்னல்ல இருந்து பதில் வந்துச்சு. பேப்பர் நல்லா இருக்குது, ஏத்துக்கறோம், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் குடுங்கன்னு. நிவேதா எனக்குப் படிச்சுச் சொல்லுச்சு. 'வைத்தியத்துக்கு அப்பறம் பேஷண்ட் தன் வேலைக்குத் திரும்பினாரா?'

"இன்னா சார் எழுதறது?"

"வேலையை மாத்திக்கச் சொல்லி அட்வைஸ் பண்ணோம், பேஷண்ட் கேட்டுக்கிட்டார், வலி கொறைஞ்சிடுச்சுன்னு போடு."

"நாம அட்வைஸ் பண்ணலயே சார்."

"வலி கொறைஞ்சுதா இல்லியா?"

"கொறைஞ்சிடுச்சு சார்."

"அப்ப போடு."

அதுக்கப்பறம் புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லிக்கினு இருந்தேன். ஒரு ஆளை மறைக்கணும்னா, 'உன்னைத் தெரிஞ்சவன் உன்னை எதை வெச்சு கண்டுக்குவான்'னு அவன்கிட்டயே கேளுங்கடின்னு. சில பொண்ணுங்க கேட்டுதுங்க. சிலது தலையை ஆட்டிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்குங்க.

வலி மெய்யாலுமே போயிடுச்சு சரசு. இப்ப அவன் நல்லா சட்டை போடறான். கட்டியும் கரைஞ்சுக்கினு வருதாம், தெனமும் தடவிப் பார்த்து "இன்னும் இருக்குதாடி"ன்னு பொண்டாட்டியைக் கேக்கறானாம். அவ இருக்குதுங்கறாளாம்... ஏ, குழாய்ல காத்து சீறுது பாரு, தண்ணி வந்துட்டுது. எழுந்திரு எழுந்திரு, அந்தத் தவலையை இப்படிக் குடு.