பானெட்டுக்குள் வைத்த அதிரசம்

செத்துப்போன என் அண்ணன் என் எலக்ட்ரிக் காருக்குள் வந்து உட்கார்ந்திருப்பதாக நம்பினேன். சும்மா நம்பவில்லை, அதிரசம் வைத்து நம்பினேன். இத்தனைக்கும் சின்னமனூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன் நான். எலி மருந்தை எங்கே வைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று சுத்துப்பட்டி சம்சாரிகளுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன்.

மதினிக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அண்ணன் இருந்தவரை தன்னுடைய பழைய டீசல் ஜீப்பில் அவரே கூட்டிப்போனார். அவர் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது. ஜீப்பை விற்றுவிட்டு இந்தக் காரை வாங்கினேன். மதினிக்குக் குலுக்கல் ஆகாது என்று ஊரில் சொன்னேன். அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன அந்த ஜீப் சீட்டில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இந்த வகை வண்டியே பிடிக்காது. ஒருமுறை ரோட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஏலே, என்னடா இது, சத்தமே இல்லாம, பொணம் எந்திரிச்சு நடந்து வர்ற மாதிரி வருது" என்றார்.

ஒருநாள் பொழுது மசங்குகிற நேரம். கொட்டகையில் நின்ற கார் தானாக ஹாரன் அடித்தது. நீளமாக, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே யாருமில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து விடியலில் விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. சார்ஜ் பாதியில் நின்றது. சர்வீசுக்குப் போன் செய்தால், மதுரைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். நான் போகவில்லை. அண்ணனைப் போய் மெக்கானிக்கிடம் காட்டுவதா?

என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஜீப்ப வித்தது அவுகளுக்குப் பொறுக்கல. அமாவாசைக்காவது ஆசைப்பட்டதப் படைச்சீகளா? ஒப்புக்கு ஒரு வடையப் போட்டுக் கும்பிட்டீக."

அவள் சுட்டுக்கொடுத்த அதிரசத்தோடு, அண்ணன் விரும்பித் தின்னும் காராச்சேவையும் சேர்த்து வாழையிலையில் வைத்தேன். எங்கே படைப்பது? சத்தம் வந்தது பானெட்டுக்குள் இருந்துதானே, அங்கேயே வைத்தேன். சூடம் காட்டக் கையை நீட்டியபோது பேட்டரி ஞாபகம் வந்து பின்வாங்கினேன். பயத்திலும் அவ்வளவு புத்தி இருந்தது. பானெட்டை மெல்லச் சாத்தினேன், உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடாத மாதிரி.

விடிந்து திறந்தால் இலை துடைத்துவிட்டது போல் இருந்தது. கொட்டகையில் தனியாக நின்று அழுதேன். அன்றைக்கு வண்டி தேனிக்குப் பூப்போலப் போய்வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? பயணத்துக்கு முந்தின சாயங்காலமெல்லாம் படையல்தான். மதினிக்கு மட்டும் சொல்லவில்லை. வழியெல்லாம் முன்பக்கம் ஏதோ லேசாகச் சுரண்டும். எனக்குப் புறங்கழுத்தில் குளிரும். அண்ணனுக்கும் மதினிக்கும் நடுவில் நான் டிரைவராக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீரபாண்டிக்கு முன்னால், தென்னந்தோப்பு ஓரம் வண்டி நின்றுவிட்டது. டீசல் வண்டியாக இருந்தால் இருமும், திணறும். இது எதுவுமே சொல்லாமல் நின்றது. திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை மட்டும். மதினிக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முறை தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும். முன்னொருதரம் அப்படி ஏறி, அவர் பிழைத்ததே பெரும்பாடு.

இறங்கி ஓடினேன். உதவிக்கு அல்ல, பானெட்டின் முன்னால் கையெடுத்துக் கும்பிட.

"அண்ணே, கோவம்னா என்மேல காட்டு. மதினிய விட்ரு. ஜீப்பத் திரும்ப வாங்கிர்றேன்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மதினி வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கொழுந்தனாரே, யாருகிட்டப் பேசுறீக?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"தெறங்க அத."

திறந்தேன். கிழிந்த வாழையிலை, பாதி அதிரசம், அதற்குப் பின்னால் ஓர் உருவம் சட்டென்று குழாய்களுக்கு இடையில் மறைந்தது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே கிடந்தது.

"உங்க அண்ணனுக்கு எப்ப வாலு மொளைச்சுச்சு?" என்றார் மதினி. சிரிக்க மூச்சுப் போதவில்லை, ஆனாலும் விடவில்லை. "சக்கர வியாதிக்காரக. இருந்த வரைக்கும் அதிரசத்தக் கண்ணுல காட்டல நான். செத்தாச்சேன்னு இங்கன வந்து ஒளிச்சுவச்சுத் தின்னாகளாக்கும்? எலிமருந்து விக்கிற ஆளு நீங்க!"

அதற்குள் ஒரு ஆட்டோ வந்தது. கை காட்டி, மதினியை ஏற்றிக்கொண்டு பறந்தோம். தேனி நெருங்கும்வரை அவர் கண்ணை மூடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு ஆரன் எப்டி அடிச்சுச்சு?"

"நீளமா மதினி. ஒரே சத்தம்."



"அவுக வாசல்ல வந்து நின்னா ரெண்டு தரம் அடிப்பாக. விட்டு விட்டு" என்றார். அப்புறம் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தாமதமாகத்தான் படுக்கை கொடுத்தார்கள். சாயங்காலம் மூச்சு சீரானது.

நடந்தது இதுதான். எங்கள் கொட்டகையை ஒட்டிய வயலில் நெல் அறுத்தார்கள். வளை போன வயல் எலிகள் எங்கள் காருக்குள் குடிவந்தன. ஹாரன் ஒயரை, விளக்கு ஒயரை, சார்ஜ் ஏறும் இடத்து ஒயரை ஒவ்வொன்றாகக் கடித்தன. அவை வேறெங்கும் போய்விடாதபடி நான் சோறு போட்டேன். மதுரை சர்வீசில் ஒயரை மாற்றி அடியில் கம்பி வலை அடித்துத் தந்தார்கள். பானெட்டுக்குள் இருந்த கூட்டில் நான்கு குட்டிகள் இருந்தன. அண்ணன் வரவில்லை.