அண்ணியின் மூச்சு

என் அண்ணி எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார். நீங்களும் நானும் சும்மா விடுகிற மூச்சு இல்லை அது. மூக்கும் வாயும் சேர்ந்து இழுக்கிற, பக்கத்து அறைக்குக் கேட்கிற மூச்சு. ஊசியில் நூல் கோக்கவும் அதேதான், கேஸ் சிலிண்டரைத் தூக்கவும் அதேதான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்குவதற்கு முன்பும் அது வரும். அதைக் கேட்ட மாத்திரத்தில் என் அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பிப்பான்.

அண்ணியின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்ததாக எனக்கு நினைவில்லை. மூச்சை இழுத்தாலே போதும், ஓட்டுகிறவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படி ஓட்டக் கற்றவர்கள்தான். நானும் என் அண்ணனும் அப்படித்தான் கற்றோம். இன்றைக்கும் யாராவது பெருமூச்சு விட்டால் என் கால் தரையை மிதிக்கும்.

நாத்தனார் என்றால் அண்ணியைக் குத்திக்காட்டப் பிறந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு வாய் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பெயரே பட்டாசு. ஆனால் அண்ணியை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பட்டாசு யார் மேல் வெடிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகி வந்த அன்று அண்ணி இரண்டு பெட்டியும் ஒரு செல்லோவும் கொண்டுவந்தார். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்து, தரையில் நிற்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே பிடித்து வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் செல்லோ. அண்ணியின் அப்பா லாரி மெக்கானிக். அந்த வீட்டில் பாட்டென்றால் ரேடியோ பாடுவதுதான். பள்ளியில் வாத்தியங்களைப் பங்கு போட்ட அன்று, வகுப்பிலேயே நெட்டையாக இருந்த பெண் இவர் என்பதால், இருப்பதிலேயே பெரியதை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். "உயரம்தான் காரணம், வேற ஒண்ணுமில்ல" என்பார் அண்ணி. நெட்டையாக இருந்தவர்கள் எத்தனையோ பேர், எல்லோருமா விடாமல் வாசித்தார்கள்?

எங்கள் அம்மாவுக்குச் செல்லோ என்ற சொல் வாயில் நுழையவில்லை. "உன் செல்லத்தை எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது செல்லம்தான். எங்கே போனாலும் காரின் முன்சீட் செல்லத்துக்கு, பெல்ட்டும் மாட்டிவிட வேண்டும். புருஷனுக்குப் பின்சீட். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்படுவான், ஆனால் பெல்ட்டை மாட்டுகிறவனும் அவன்தான்.

வாரத்தில் ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து வாசிப்பார்கள். முதல் வயலின் பல் டாக்டர். இரண்டாம் வயலின் கணக்கு டீச்சர், வாசிக்கும்போது தவிர மற்ற நேரத்தில் அங்கே ஓர் ஆள் இருப்பதே தெரியாது. வயலினை விடச் சற்றுப் பெரியதாய், குரல் கட்டிய வயலின் போலப் பேசுகிற வியோலாவை வாசிப்பவர் மருந்துக்கடைக்காரர். நாலாவது அண்ணி. மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற நீள அறைதான் அவர்களுக்கு இடம். ஒரு சாயங்காலம் அங்கேயே தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வாசிப்பது என்று முடிவானது. மேடை கிடையாது, மைக் கிடையாது. எதிரே உட்கார்ந்தவர் காலை நீட்டினால் வாசிப்பவர் காலில் இடிக்கும், அவ்வளவு சின்ன இடம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கடைவாய்ப்பல் வலி. போகிற இடம் வேறு எது, அந்தப் பல் டாக்டரிடம்தான். என்னைச் சாய்த்துப் போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, பல்லைக் குடைந்துகொண்டே பேச்சை எடுத்தார்.

"போன தடவை நாங்க வாசிச்சதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க அண்ணி மூச்சு இருக்கே, புஸ்ஸு புஸ்ஸுன்னு, பாட்டுக்கு நடுவுல யாரோ டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு. அன்னைக்கு வாசிக்கிறதைப் பதிவு பண்ணிப் பெரிய அரங்கத்துக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நல்லா இருந்தா அங்க கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாங்க. இந்தச் சத்தத்தோட அனுப்ப முடியாது."

வாய் திறந்துதான் இருந்தது, பேசத்தான் வழியில்லை.

"சத்தமே இல்லாம செல்லோ வாசிக்கிற ஒருத்தரை எனக்குத் தெரியும். அக்காவால மூச்சை அடக்க முடியலைன்னா அடுத்த தடவைலேருந்து அவரைக் கூப்பிட்டுக்கலாம். நானே பக்குவமா சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?"

"ஆ" என்றேன். அந்த நிலையில் மனிதப் பிறவியால் சொல்லக்கூடிய எழுத்து அது ஒன்றுதான். நான் சொல்ல வந்தது, "ஆளைப் பார், மூச்சைப் பத்திப் பேசிட்டு என்னை மூச்சு விடாதேன்னா சொல்றே?" என்பது. அவருக்கு அது ஆமாம் என்று கேட்டது.

மறுநாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே அந்த மூச்சு கேட்டது.

"நீயும் சரின்னு சொன்னியாமே?"

"அண்ணி, என் வாயில பஞ்சு இருந்தது. ஆன்னேன், அவ்வளவுதான். அந்த ஆளு நாள் முழுக்க வாயைத் திற வாயைத் திறன்னு சொல்லியே சம்பாதிக்கிறான், உங்களை மட்டும் வாயை மூடச் சொல்றானா? இப்பவே போய்க் கேட்கிறேன்."

"போய்க் கேளு. பாதி குடைஞ்ச பல்லு அவர் கையிலதான் இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். வீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

அண்ணி அழுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை. மெக்கானிக் பெண் அல்லவா, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வண்டியில சத்தம் வந்தா காதைப் பொத்திக்கிட்டா ஓட்டுவோம்? சத்தத்தை நிறுத்துவோம். நான் வாசிக்கிற இடம் எனக்கு வேணும். அதுக்கு மூச்சுதான் தடைன்னா மூச்சை அடக்கிக்கிறேன், அதுல என்ன இருக்கு?" அவரால் முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், என் அண்ணி தன் வாய்க்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

மேலறையில் நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறார்கள் என்று அந்தச் சாயங்காலம் வரை நாலு பேரும் சேர்ந்து வாசிக்கவில்லை. அதனால் அன்றிலிருந்து அண்ணன் வீட்டிலேயே அண்ணிக்குத் தனியாக ஒரே பயிற்சி. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசிப்பார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூச்சு கேட்டால் தொடையில் கிள்ளச் சொன்னார். கிள்ளினேன். நாத்தனார் உறவுக்கே உரிய அந்தக் கடமையை வாழ்க்கையில் அப்போதுதான் செய்தேன், மனசு கேட்காமல் மெதுவாகவே கிள்ளினேன். அண்ணனோ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மூச்சை நிறுத்துறதுக்கு இவ்வளவு பாடுபடுற பொம்பளையை இப்பத்தான் பாக்கிறேன்" என்றான். இரண்டு பேரும் முறைத்தோம், தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பயிற்சி பலித்தது. வீட்டில் மூச்சுச் சத்தமே இல்லை. ஊசியில் நூல் கோத்தார், எனக்குக் கேட்கவில்லை. வண்டியிலும் அப்படியே. அதில்தான் வந்தது வினை. ஓட்டக் கற்க வந்த துணிக்கடைக்காரர் முனையில் திரும்பும்போது எதிரே பால் வண்டி. மனிதர் பிரேக்கைத் தொடவேயில்லை. அண்ணி தன் காலடிப் பிரேக்கை ஓங்கி மிதித்து நிறுத்தினார். பால் வண்டிக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடம் இருந்ததாம்.

"என்ன மேடம், நீங்க சத்தமே குடுக்கலையே" என்றாராம் துணிக்கடைக்காரர், குற்றம் முழுக்க அண்ணியுடையது மாதிரி.

"பாத்தீங்களா அண்ணி" என்றேன் நான்.

"அது ரோடு. இது வாத்தியம்" என்றார்.

அந்தச் சாயங்காலமும் வந்தது. மருந்துக்கடையின் மேலறை நிறைந்துவிட்டது. மருந்து வாடையும் புதுப் பாலிஷ் போட்ட நாற்காலிகளின் வாடையும் கலந்து அடித்தது. பல் டாக்டர் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துப் பதிவை ஓடவிட்டார். நாலு பேரும் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். அண்ணி கரும்பச்சைப் புடவையில், செல்லத்தை அணைத்துக்கொண்டு, உதட்டை ஒட்ட மூடிக்கொண்டு இருந்தார். எனக்கு அவர் விரல்களைப் பார்க்கத் தோன்றவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பகுதி ஓடி ஆடுகிற பகுதி, தாளம் நிற்காமல் போகும், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே போய்விட்டார்கள். கைதட்டலுக்குப் பல் டாக்டர் தலையசைத்தார். மூச்சு கேட்கவில்லை, டயருக்கு யாரும் காற்றடிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்த்து என் பாதிப் பல் வலித்தது.

இரண்டாவது பகுதி மெதுவாகப் போவது. அதன் நடுவில் ஓரிடத்தில் இசை அப்படியே நின்றுவிடும். நாலு வில்லும் தந்தியை விட்டு மேலே தூக்கி நிற்கும், அறையில் ஒன்றுமே கேட்காது. பிறகு நாலு பேரும் ஒரே நொடியில், பூனை நடப்பது போல மெல்லத் தொடங்க வேண்டும். முன்பெல்லாம் சேர்ந்து வாசித்தபோது அந்த இடம் ஒருநாளும் தவறியதில்லை. பல் டாக்டர் தன் வில்லின் நுனியை ஒரு சின்ன அசைப்பு அசைப்பார், அதைப் பார்த்துத்தான் மற்ற மூவரும் சேருகிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். எல்லோரையும் விட அதிகமாக அப்படி நினைத்திருந்தவர் பல் டாக்டர்.

இசை நின்றது. நிசப்தம். பல் டாக்டர் வில் நுனியை அசைத்தார்.

அவர் மட்டும் ஒரு பக்கம் போனார். மருந்துக்கடைக்காரர் பின்னால் தடுக்கி விழுந்தாற்போல வந்தார். அண்ணி சரியாகத்தான் தொடங்கினார், ஆனால் ஒற்றையாக நின்றார். கணக்கு டீச்சர் தொடங்கவே இல்லை.

பல் டாக்டரின் காது சிவந்துவிட்டது. "மன்னிக்கணும், இந்த இடத்தை மட்டும் மறுபடியும் எடுக்கிறோம்" என்றார் அவையைப் பார்த்து. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் நின்றது, நுனி அசைந்தது, சந்தைக்கடை போலக் கலைந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அண்ணியைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. தப்பு தன்மேல்தான் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்ப் பல் டாக்டரின் சட்டையைப் பிடிக்கலாமா என்றிருந்தது, பல் போனால் போகட்டும்.

அப்போது கணக்கு டீச்சர் வயலினை மடியில் வைத்தார்.

"அக்கா மூச்சு வரலை" என்றார்.

அவர் குரலை அந்த அறையில் பலர் கேட்டதே அப்போதுதான். பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நான் உங்க வில்லைப் பாக்கிறதே இல்ல சார்" என்றார் டீச்சர், கணக்குக்கு விடை சொல்வது போல. "இந்த இடத்துல நான் கண்ணை மூடிக்குவேன். அக்கா மூச்சு வந்ததும் எடுப்பேன். எப்பவுமே அப்படித்தான்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் அதேதான். வில்லைப் பாக்கணும்னா நான் கண்ணாடியை மாத்தணும்."

அவை சிரித்தது. பல் டாக்டர் சிரிக்கவில்லை. தன் வில்லைப் பார்த்தார், ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்த போனைப் பார்த்தார். மனிதரைப் பற்றி என்ன சொன்னாலும் ஒன்று சொல்ல வேண்டும், வறட்டுக் கௌரவம் பிடித்துத் தொங்குகிற ஆள் இல்லை.

"நானுந்தான் போலிருக்கு" என்றார். "இன்னைக்கு எப்ப அசைக்கணும்னே எனக்குத் தெரியலை."

பிறகு அண்ணியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பல் பார்க்கிற நாற்காலி ஓரம் நின்று சொல்கிற அதே குரலில், அதே பணிவோடு சொன்னார்:

"அக்கா, ஆ காட்டுங்க."

அறையே குலுங்கிச் சிரித்தது. அண்ணியும் சிரித்தார், கண்ணில் நீர் நின்றது. சிரிப்பெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்தார். நாலு வில்லும் மேலே எழுந்தன. கணக்கு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை பல் டாக்டரும் மூடிக்கொண்டார்.

அண்ணி மூச்சை இழுத்தார். கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. அந்த மூச்சின் முனையில் நாலு பேரும் ஒரே ஆளாக இறங்கினார்கள். அது என் அண்ணி என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன்.

எல்லோரும் டீ குடித்துக் கலைந்த பிறகு, செல்லத்தைப் பல் டாக்டரே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். முன்சீட்டில் வைத்து, எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவித் தடவி பெல்ட்டையும் மாட்டினார். அண்ணன் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தான்.

"பதிவை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். வாயில் பஞ்சு இல்லாததால் தெளிவாகவே கேட்டேன்.

"அப்படியே அனுப்பப் போறேன். மூச்சு, பேச்சு, சிரிப்பு எல்லாத்தோடயும். வேணாம்னா அவங்க இஷ்டம்" என்றார். பிறகு அண்ணியிடம், "அடுத்த வாரம் வழக்கம்போலதானே அக்கா?" என்றார்.

அண்ணி தலையாட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நானும் அண்ணனும் பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டியை எடுக்கும் முன் அண்ணி வாயைத் திறந்து, வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

பின்சீட்டில் எங்கள் இரண்டு பேர் காலும் ஒன்றாகத் தரையை மிதித்தன.