உள்ளே வராத ஓர்கிட்

வில்லரேயில் சிசிலி கீழ் வீடு, நான் மேல் வீடு. சென்ட் லோரன்டில் மருந்து பொதி செய்கிற தொழிற்சாலைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம். நான் ஓய்வு பெற்று, பங்குக் கோவில் பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் வேலைக்குப் போகிறாள். திரும்பி வந்தால் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்வளவுக்குத்தான் போவாள்.

இந்தப் பனி நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களின் தோட்டம் தெரியும்தானே? கறிவேப்பிலை, மல்லிகை, மிளகாய் எல்லாமே சாடியில். ஒக்டோபர் பிறந்தால் அவளுடைய கணவர் அருமைநாதன் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்பார். பிறகு வசந்தம் வரும்வரை அந்த வீட்டில் மனிதர் நடக்க இடமிராது.

மூன்று வருடங்களுக்கு முன் சிசிலி ஓர்கிட் ஒன்று வாங்கிவந்தாள். கடையில் விற்கிற மெழுகுப் பூ வகை அல்ல. இந்த நாட்டுச் சதுப்பு நிலங்களில் தானாகவே வளர்கிற வகை. இது பண்ணையில் விதை போட்டு வளர்த்தது. படத்தைக் காட்டினாள். வெள்ளை இதழ்கள், நடுவே ரோஸ் நிறத்தில் குட்டிச் சப்பாத்து மாதிரி ஒரு பை.

"மடு மாதா திருநாளுக்கு இதுதான் அக்கா," என்றாள்.

கத்தரிக்கோல் பிடிக்கும் என் கை அப்போதே துறுதுறுத்தது.

இலையுதிர் காலத்தில் செடி பழுத்துச் சாய்ந்தது. பாவம், குளிருகிறதாக்கும் என்று இரண்டு பேரும் அதையும் உள்ளே கொண்டுபோய், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் வேறு ஊற்றினார்கள். வசந்தத்தில் கிளறிப் பார்த்தால் கிழங்கு கூழாகிக் கிடந்தது. பண்ணைக்காரி செலீனிடம் கேட்டபோது, அதற்குக் குளிர்காலம் முழுக்க உறைந்து தூங்க வேண்டும், நீங்கள் சூட்டில் வைத்துக் கொன்றுவிட்டீர்கள் என்றாளாம். சிசிலி என் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து அழுதாள்.

"முப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன் அக்கா. நிலத்திலை வேர் விட்ட ஒரு செடி எனக்கு இல்லை. எல்லாம் தூக்கித் திரியிற சாடி. இதை நிலத்திலைதான் வைப்பன்."

சொன்னபடி அடுத்த செப்டெம்பரில் இன்னொன்றை வாங்கி வேலியோரம் நிழலில் நட்டாள். முதல் உறைபனி விழுந்ததுமே அருமைநாதனுக்கு மனம் கேட்கவில்லை.

"பாவமப்பா, உள்ளுக்கை கொண்டு வருவம்."

"தொட்டுப் பாருங்கோ, தெரியும்!"

ஜனவரியில் மழை பெய்து, மூடியிருந்த பனியைக் கரைத்துவிட்டது. மறுநாள் கடுங்குளிர் என்றது வானொலி. பனிதான் அந்தச் செடிக்குப் போர்வை. ஊரே பனியை அள்ளி வெளியே எறிகிற காலத்தில், சிசிலி குளியல் வாளியோடு சந்துக்குள் வீடுவீடாய்ப் போய், நிழலில் கரையாமல் கிடந்த பனியைக் கேட்டு வாங்கினாள். அருமைநாதனும் உதவி செய்கிறேன் என்று றோட்டோரத்தில் ஒரு வாளி அள்ளிவந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"றோட்டுப் பனியிலை வழுக்காமல் போடுற உப்பெல்லே! இதையும் கொல்லப் போறியளோ?"

பல்கனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு, இவ்வளவு பாடுபடுகிறாளே என்று மனம் கேட்காமல், என் பல்கனி மூலையில் கிடந்த பனியையும் கீழே தள்ளிவிட்டேன்.

மே பாதி போயும் மண் அசையவில்லை. அருமைநாதன் குச்சியோடு குனிந்தார்.

"கிண்டாதேங்கோ, முளை முறிஞ்சிடும்."

"செத்திருந்தால்?"

"இன்னொண்டு நடுவன். அதையும் வெளியிலைதான் நடுவன்."

மாதக் கடைசியில் பச்சையாய் ஒரு மூக்கு மண்ணுக்கு மேலே எட்டிப்பார்த்தது. ஜூன் கடைசியில், திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் மாதா நவநாள் தொடங்கிய நேரத்தில், ஒரேயொரு பூ விரிந்தது. படம் பொய்யென்று நினைக்கும்படி அவ்வளவு அழகு. நான் கத்தரிக்கோலோடு இறங்கினேன். முதல் பூ மாதாவுக்கு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

சிசிலி குறுக்கே கையை நீட்டினாள்.

"இலையெல்லாம் அந்தத் தண்டிலைதான் இருக்கு. வெட்டினால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை அக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாதாவுக்கெண்டு நீதானே சொன்னனி? வாயாலை சொல்லிப்போட்டு இப்ப கை வரேல்லையோ?"

அவள் உள்ளே போனாள். போனவள் வரவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. வீட்டுச் செப மேசையிலிருந்த மாதா சுரூபத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அந்த மேசையை விட்டு மாதா அசைந்து நான் பார்த்ததே இல்லை. வெறும் சாடியொன்றைக் கவிழ்த்து, பூவுக்குப் பக்கத்தில் அதன் மேல் வைத்தாள்.

"பூ உள்ளுக்கை வராது அக்கா. மாதா வெளியிலை வருவா."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் செபமாலையை எடுத்தேன்.

அன்று பின்வளவிலேயே, நுளம்பு கடித்த இடங்களைச் சொறிந்தபடி, செபமாலை சொன்னோம். முடிந்ததும் அருமைநாதன் பழக்கதோஷத்தில் சுரூபத்தை உள்ளே தூக்கக் குனிந்தார்.

"திருநாள் முடியுமட்டும் இஞ்சையே இருக்கட்டும்," என்றாள் சிசிலி.

"மழை வந்தால்?"

"குடை பிடியுங்கோ."

அடுத்த நாள் மழை வந்தது. அவர் குடையோடு வெளியே போய் நின்றார்.