கருப்பாயியில் கொடைக்கானலுக்கு

காலை ஐந்தே கால் மணிக்குப் பழனி அடிவாரத்தில் கருப்பாயிக்குப் பூசை நடந்தது. கருப்பாயி என்பது எங்கள் கார். என் மாமனார் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "இனிமே இது உங்க பாடு மாப்பிள்ளே" என்று எங்கள் தலையில் கட்டிய நான்கு கதவுக் கறுப்பு வண்டி. அறுபத்திரண்டாம் வருஷத்து மே மாதம் அது. வெயில் ஏறுவதற்குள் கொடைக்கானல் மலையடிவாரத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று வெள்ளனவே புறப்பட்டோம்.

உல்லாசப் பயணம் அல்ல. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை வேலைக்கு என் மனைவி மரகதத்தை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி; அதற்குப் பின் வருகிறவர்களைப் பார்ப்பதற்கில்லை என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தது. அவள் வாங்கிய பட்டம் ஒன்பது வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது. உள்ளூரில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் போட்டு ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. அவளைக் கூப்பிட்ட முதல் கடிதம் இதுதான்.

"பஸ்ஸுலயே போயிருவோங்க" என்றாள் முந்தின நாள்.

"வீட்டுல கார் இருக்கறப்ப பஸ் எதுக்கு?" என்றேன் நான்.

நான் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். கருப்பாயிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். கீச்சிட்டால் மின்விசிறிப் பட்டை தளர்ந்திருக்கிறது, இருமினால் பிளக்கில் கரி, முனகினால் பேரிங், பிரேக் மிதித்ததும் ஒரு பக்கமாக இழுத்தால் இன்னது என்று அடையாளமும் வைத்தியமும் நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அந்த நோட்டு கையில் இருக்கும்வரை எந்த மெக்கானிக்கும் எனக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பூசாரி முன் கம்பியில் சாமந்தி மாலையைச் சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கை நிறைய விபூதி கொடுத்தார். அடிவாரத்து லாரிக்காரர்கள் பெட்ரோல் டாங்கியின் மூடிமேல் ஒரு கீற்று இட்டுக்கொள்வார்கள். மரகதத்தின் சாமி பக்தியைக் கேலி செய்வதே தொழிலாக இருந்த நான் அன்று விபூதியை என்ன செய்தேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம், கன்னிவாடி, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு ஐம்பத்து மூன்று மைல். கருப்பாயி சொன்னபடி கேட்டது. ஒன்பதே முக்காலுக்கு வத்தலக்குண்டு சேர்ந்து, டாங்கியை நிரப்பி, பதினைந்து நயா பைசாவுக்கு ஆளுக்கு ஒரு காப்பி குடித்தோம். மரகதம் காப்பியைப் பாதி வைத்துவிட்டாள். கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தாள்.

பத்தரைக்கு மலைச் சாலை தொடங்கியது. புளியமரங்கள் போய் மூங்கில் வந்தது. நாலாவது வளைவில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டு, முன்னால் ஆவி கிளம்பியது. நான் நோட்டைப் புரட்டி, தண்ணீர்க் குழாயா பட்டையா என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது மரகதம் இறங்கிப் போய், சாமந்தி மாலையைக் கழற்றிப் பின் சீட்டில் பத்திரமாக வைத்தாள்.

"காத்து போற வழியில இம்புட்டுக் கனத்துல மாலை கெடந்தா சுடாம என்ன செய்யும்?" என்றாள்.

பத்து நிமிஷம் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினோம். முள் இறங்கியது. சாமி மாலையை நான் கழற்றியிருந்தால் ஒரு வாரம் ஏசியிருப்பாள் என்று சொன்னேன். அன்றைய பயணத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பதினொன்றரைக்கு டம்டம் பாறை. இறங்காமல் போகக் கூடாத இடம். எதிர் மலையின் நெஞ்சிலிருந்து ஒரே கோடாகத் தண்ணீர் விழுகிறது. எலிவால் அருவி என்கிறார்கள். அதற்கு வைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. கீழே நாங்கள் வந்த சாலையும் தென்னந்தோப்புகளும் தெரிகின்றன. அந்த உயரத்துக்கு மாட்டையும் மனிதனையும் தவிர வேறு உதவி இல்லாத காலத்தில் பாதை வெட்டியவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

அங்கிருந்து மூன்று மைல் போயிருப்போம். கருப்பாயி இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. முள் சரியாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. எனக்கு ஏக சந்தோஷம். நோட்டின் பதினேழாம் பக்கத்திலேயே இருக்கிறது: சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பது. வைத்தியம், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி. என் மேல்துண்டை நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினேன். விஞ்ஞானம் படித்தவன் பக்கத்தில் இருந்தால் இதுதான் சௌகரியம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மைலில் மறுபடி நின்றது. துணியை மறுபடி நனைத்தேன். வாழைத் தோட்டங்கள் தாண்டி மூன்றாவது முறை நின்றபோது மணி பன்னிரண்டே முக்கால். பண்ணைக்காட்டுப் பிரிவுக்குக் கொஞ்சம் மேலே, அகலமான இடம். கொடைக்கானல் பஸ் பின்னால் வந்து தானாகவே நின்றது. மலைச் சாலையில் முன்மூடி திறந்து நிற்கும் வண்டியை யாரும் கேட்காமல் கடப்பதில்லை.

"அக்கா, முன்னாடி ஒரு சீட்டு சும்மா கெடக்கு. ஏறிக்கிறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

மரகதத்தின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் நான், "வேண்டாங்க, பத்து நிமிஷத்துல சரியாயிரும்" என்றேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் நாலு மணிக்கு. அவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

நாலாவது முறை நின்றது அரை மைலிலேயே. அதுவும் குறுகலான ஒரு வளைவில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஊத்து என்ற ஊர் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. குளிர்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. காப்பிச் செடிகளுக்குமேல் மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், அவற்றுக்கு நடுவே வெயில். வேறு நாளாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். மணி ஒன்று இருபது.

மேலேயிருந்து ஒரு லாரி முட்டைக்கோஸ் ஏற்றி வந்து எங்கள் எதிரில் நின்றது. ஓட்டியவர் இறங்கினார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பெயர் அருளப்பன், ஊர் பண்ணைக்காடு.

நான் கூச்சத்தோடு, "ஒதுங்க எடமில்லை, மன்னிக்கணும்" என்றேன்.

"அதுக்கென்ன சார். ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும், இது இந்த மலையில கட்டு. நீங்க ஏறுனாத்தான நான் எறங்க முடியும்? அதனால ஏத்திவிடுறதும் என் சோலிதான்" என்று சிரித்தார்.

மரகதத்தின் ஆசிரியை வேலை விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் நோட்டைத் திறந்து என் கண்டுபிடிப்பை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் மரகதத்திடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தாயி. எத்தன வாட்டி நின்னுச்சு? ஒவ்வொரு வாட்டியும் எம்புட்டுத் தூரம் ஓடி நின்னுச்சு?"

"முதல்ல டம்டம் பாறையிலருந்து மூணு மைல். அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒண்ணு. இப்ப அரை மைல். நின்னா பத்து நிமிஷத்துல கெளம்பிருது" என்றாள் மரகதம். அவள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அருளப்பன் முன்மூடிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சார், மேல வர வரக் குளுருதா, சுடுதா?"

"குளுருது."

"சூட்டுல வந்த நோயின்னா குளுரக் குளுரக் கொறையணும்ல? இது கூடிக்கிட்டே வருது. சூடு இல்ல சார், அடைப்பு. வண்டி ஓடுறப்ப அழுக்கை இழுத்துப் பம்புச் சல்லடையில ஒட்டிக்கிருது. நின்னா உதிந்து கீழ வுழுகுது, வழி தெறக்குது. திரும்ப ஓடுனா திரும்ப ஒட்டுது, முன்னவிட வெரசா."

வெப்பத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். மூன்று கேள்வியில் ஒரு லாரிக்காரர் கண்டதை ஒன்றரை மணி நேரமாக நான் காணவில்லை. வெட்கமாக இருந்தது என்பது உண்மை; அதைவிட, அந்த மூளையைப் பார்த்து எழுந்த மரியாதை பெரிதாக இருந்தது. ஒரு வண்டியின் நோயை அது நின்ற இடங்களை வைத்தே படித்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பம்பின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. பெட்ரோலில் வரும் அழுக்கு அதில்தான் தங்கும். அதைத்தான் நான் ஈரத்துண்டால் பத்திரமாக மூடி வைத்திருந்தேன். அருளப்பன் துண்டை அவிழ்த்தார். கிண்ணத்தில் பாதிக்குமேல் வெள்ளைச் சேறு. கழற்றி, விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து, பிறகு என் நெற்றியில் பூசாரி பூசிவிட்ட விபூதியைப் பார்த்தார்.

"சார், டாங்கில என்ன போட்டீங்க?"

இதுதான் அந்த இடம். மரகதம் அடிவாரத்தில் உண்டியலில் காசு போடப் போயிருந்தபோது, மூடிமேல் இடுவதைவிட உள்ளே போட்டால் பலன் அதிகம் என்று எண்ணி, கையிலிருந்த விபூதி முழுவதையும் டாங்கியின் வாயில் கொட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. வத்தலக்குண்டில் ஊற்றிய பெட்ரோல் அதை நன்றாகக் கலக்கியிருக்கிறது. மலை வளைவுகள் மிச்ச வேலையைச் செய்திருக்கின்றன.

சொன்னேன். மரகதம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அருளப்பன் சல்லடையைக் கழுவினார். குழாயைக் கழற்றி வாய் வைத்து டாங்கிப் பக்கம் ஊதினார். கிண்ணத்துச் சேற்றை மட்டும் ரோட்டில் கொட்டவில்லை. லாரியிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து வந்து அதில் வழித்துப் பொட்டலமாக மடித்தார்.

"கால் படுற எடத்துல போடக் கூடாதுங்க" என்று மரகதத்திடம் நீட்டினார். "டாங்கில இன்னும் கெடக்கும். வண்டி நிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. பாதி வழியில, பெருமாள் மலையில நீங்களே நிறுத்திக் கிண்ணத்தக் கழுவிருங்க. எத்தன மணிக்குப் போகணும் டீச்சர்?"

அவளை யாரும் அதுவரை டீச்சர் என்று அழைத்ததில்லை. "மூணு" என்றாள்.

"போயிரலாம். சார், ரெண்டாவது கியர விட்டு மேல போகாதீங்க."

காசு கொடுக்கப் போனேன். வழிவிட்டதற்குக் காசு வாங்குகிற வழக்கம் இல்லை என்றுவிட்டார். அவர் லாரியைப் பின்னுக்கு எடுத்துப் பாறையோடு ஒட்டி நிறுத்த, நாங்கள் ஏறினோம். மணி ஒன்று ஐம்பது. மைல்கல்லில் கொடைக்கானல் பதினான்கு.

இரண்டு இருபத்தைந்துக்குப் பெருமாள் மலை. நான் இறங்குவதற்குள் மரகதம் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிண்ணத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கழுவ, நான் சல்லடையை ஊத, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வெள்ளி அருவியில் வண்டிகளும் ஜனங்களும் நின்றிருந்தார்கள். சாரல் கண்ணாடியில் விழுந்ததோடு சரி, நாங்கள் நிற்கவில்லை. யூகலிப்டஸ் வாசனை வந்தது, பிறகு ஏரி தெரிந்தது. மரகதம் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, கருப்பாயியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும்போது மூன்றுக்கு நாலு நிமிஷம் இருந்தது. கை கழுவ நேரமில்லாமல் ஓடினாள்.

பேரிக்காய் மரத்தடியில் காத்திருந்தேன். கொடைக்கானல் அழகைப் பற்றி எல்லோரும் எழுதியதெல்லாம் நிஜம்தான். மே மாதத்தில் போர்வை கேட்கும் குளிர், கல் கட்டடங்கள், ஏரிக்கரையில் சாயங்கால மூடுபனி. பழனியில் அதே நேரம் மண் சுடும். ஆனால் நான் பார்த்தது பெரும்பாலும் அந்தக் கதவைத்தான்.

நாலேகாலுக்கு வெளியே வந்தாள். "ஜூன்லருந்து வரச் சொல்லிட்டாங்க. தங்க எடமும் உண்டு" என்றாள். பிறகு, "உள்ள போனதும் அந்த அம்மா மொதல்ல கேட்டது, கையில என்னம்மா வாசம்னுதான்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரர் எனக்காக வேண்டிக்கிட்டாருன்னு சொன்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிர்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் முதல் வாரம் அவளையும் அவள் பெட்டியையும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். டாங்கியைக் கழற்றிக் கழுவியிருந்ததால் கருப்பாயி ஒரு முறைகூட நிற்கவில்லை. புறப்படும்போது மரகதம் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து வந்தாள். விபூதி காய்ந்து பொடியாகியிருந்தது. என் நெற்றியில் இட்டுவிட்டு, "சனிக்கிழமை இங்க வர வெள்ளனே கெளம்பிருங்க" என்றாள். மலை முழுக்க எனக்குப் பெட்ரோல் வாசம் அடித்தது. அன்றைக்கு பஸ்ஸை அனுப்பிவைத்தது என் வீம்பு மட்டும்தானா, அவள் மூன்று மணிக்குப் போய்ச் சேராவிட்டால் வீடு வீடாகவே இருக்கும் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்தேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். நினைத்திருக்கிறேன் என்றுதான் படுகிறது.

ஊத்து தாண்டி அதே குறுகல் வளைவில் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. நான் கருப்பாயியைப் பின்னுக்கு எடுத்து, பாறையோடு ஒட்டி நிறுத்தி, அது ஏறிப் போகும்வரை காத்திருந்தேன்.