சாமிப் புகை

ஓசூர் சிப்காட்டில் டெங்குவைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டை செய்கிற அறை அது. வாசலில் நின்று ஆட்களைப் பார்த்து உள்ளே விடும் மாதேஸ்வரியைத் தாண்டி ஒரு மல்லிகை மொட்டுகூட அதற்குள் நுழைந்ததில்லை. பவுடர் பூசி வந்தவளை முகம் கழுவ அனுப்புவாள். கல்யாணமான மறுவாரம் பூ வைத்து வந்த ரஞ்சிதா அழுதே விட்டாள். அதற்கெல்லாம் அசைகிற ஆளா இவள்!

கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பட்டையில் பூசுகிற கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சொட்டு ரத்தத்தில் வைரஸின் துணுக்கு இருந்தால் அங்கே சிக்கும். பட்டையில் ஓடும் மின்சாரம் மாறும். காய்ச்சல் கண்ட அன்றைக்கே, பட்டையைச் செருகும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தக் கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. வாசனையோ புகையோ, கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

இத்தனையும் தெரிந்தவள்தான் ஆயுத பூஜையன்று கரி பூசும் மெஷினுக்குப் பொட்டு வைத்து, சாம்பிராணித் தட்டோடு அறையைச் சுற்றி வந்தாள். அலமாரியில் பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சோறு போடுகிற மெஷினுக்குப் பூஜை இல்லாமலா? சாமிக்குப் போடும் புகை அவள் கணக்கில் புகையே இல்லை.

லீவு முடிந்து சோதித்தபோது, வெறும் தண்ணீருக்கே டெங்கு என்றது பட்டை. கிருஷ்ணகிரி காய்ச்சல் முகாமுக்குப் போகவேண்டிய சரக்கு மொத்தமும் வீண்.

சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் மோப்பம் பிடித்து வந்து நின்றது மெஹ்னாஸிடம். காண்ட்ராக்ட் பெண். லாக்கரில் தொங்கிய அவள் துப்பட்டாவில் அத்தர் மணத்தது.

"நாளைல இருந்து நீ வர வேணாம்மா."

மெஹ்னாஸ் டிபன் பையை எடுத்தாள்.

துப்பட்டாவை வெளியே விட்டுவிட்டு, கம்பெனிக் கவுன் மாட்டித்தான் அவள் உள்ளே வருவாள் என்பது மாதேஸ்வரிக்குத் தெரியும். மாதேஸ்வரியின் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும். ஆனால் பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எப்படிச் சும்மா நிற்பது?

"சார், அவள எதுக்கு அனுப்பறீங்க? சாம்பிராணி போட்டது நானு. என்னைய அனுப்புங்க."

ராஜேஷ்குமாரின் முகம் தொங்கிப்போயிற்று. அன்று அந்தத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டவர்தான் அவரும்.

"போய் வேலையப் பாருங்க, ரெண்டு பேரும்."

அவர் போனதும் மாதேஸ்வரி மெஹ்னாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் புள்ள, புகைதான்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"பூஜையன்னைக்கே தோணுச்சுக்கா."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நான் சொல்ல முடியுமாக்கா?"

ஊரையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட மாதேஸ்வரி, மெஹ்னாஸின் டிபன் பையை வாங்கி, தானே கொண்டுபோய் லாக்கரில் வைத்தாள்.