தெரியும் என்று சொன்னோம்

ராயபுரத்துக்காரர்கள் தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிப் பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். ரங்கூனில் நாங்கள் கிட்டே வந்துதான் வாய் திறப்போம். பர்மாவிலிருந்து வந்து சேர்ந்த எனக்கு இது வினோதமாகத்தான் இருந்தது. நான் வளர்க்கும் என் தங்கை மகள் பவளம் யார் கை ஆட்டினாலும் பதிலுக்கு ஆட்டமாட்டாள். "இன்னா பர்மாக்காரம்மா, உன் பொண்ணு என்னப் பாத்துகினே கண்டுக்காம பூடுது. ராங்கியா?" என்பாள் மீன் விற்கிற அஞ்சலை. "எங்க குடும்பத்துப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

சண்டைக் காலத்தில் ரங்கூனை விட்டு நடந்து வந்தபோது தங்கை வழியிலேயே போய்விட்டாள். அவளுடைய கைக்குழந்தையை நான் தூக்கி வந்தேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். இவளாவது வாத்தியாரம்மா ஆகவேண்டும் என்று, பள்ளிக்கு அனுப்பும் முன்பே மடியில் உட்காரவைத்து அத்தனை எழுத்தையும் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வந்தார்கள். சுவரில் எழுத்து அட்டை, எதிரே நீண்ட வரிசை. "எழுத்து தெரியுதா?" என்று கேட்டார்களாம். "தெரியும் சார்" என்றாளாம். அவ்வளவுதான், அடுத்த பிள்ளை.

சில மாதம் கழித்து, அந்தச் சோதனையால் பலன் உண்டா என்று பார்க்க ஒரு சுகாதார அதிகாரி வீடு வீடாக வந்தார். நோட்டில் பவளத்தின் பேரைத் தேடிப் பிடித்து, "போர்டுல இருக்கிற எழுத்தெல்லாம் தெரியுதாம்மா பொண்ணுக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஒரு எழுத்து விடாம தெரியும்!" அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். "இந்தப் பேட்டையில கண்ணு கெட்ட பசங்களே இல்லம்மா. இனிமே இங்க வர்ற வேலை மிச்சம்." காபி கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

பவளம் ஒரே வகுப்பில் இரண்டு முறை தங்கி, மக்கு என்று பேர் வாங்கி, பள்ளியை விட்டாள். ஒருநாள் மார்க்கெட்டில், என் சேலை நிறத்தில் சேலை கட்டிய வேறொருத்தியின் பின்னாலேயே போய்விட்டாள். அன்றுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். "சின்னதிலேயே கண்ணாடி போட்டிருக்கணும். இனிமே கண்ணாடியும் கொஞ்சம்தான் உதவும்" என்றார் டாக்டர். இப்போது வீட்டில் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டுகிறாள்.

பர்மாப் பேச்சில் கண்ணுக்குத் தெரிவது 'மியின்', புத்திக்குத் தெரிவது 'தி'. வேறு வேறு சொல். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒன்றுதான். நேற்று மாலை கடற்கரையில், ரங்கூன் பக்கமாகப் புகை விட்டுக்கொண்டு போன கப்பலைக் காட்டி, "மியின் தலா?" என்று கேட்டேன்.

"இன்னா பெரிம்மா சொல்ற? ஒண்ணும் புரில" என்றாள் பவளம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

தமிழில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.